சொந்தத் தளத்தில் காணொளிப் பாடங்கள்: ஓராண்டுக்குப் பின் பியர்டியூப்

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக நான் பதிவுசெய்த கணிதப் பாடங்கள் அறுபதைத் தாண்டிவிட்டன. பாடத்தின் நடுவே விளம்பரம் வந்து விழுவதையும், பாடம் முடிந்த கையோடு மாணவர்களின் கவனம் வேறெங்கோ இழுபடுவதையும் பொறுக்க முடியாமல், சென்ற ஆண்டு அவை அனைத்தையும் என் சொந்தத் தளத்துக்கு மாற்றினேன். அதற்காக நான் தேர்ந்தெடுத்த பியர்டியூப், பிரான்சைச் சேர்ந்த ஃபிராமாசாஃப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிவரும் கட்டற்ற மென்பொருள். அதன் முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வெளிவந்தது.

தொடக்கத்தில் எம்பி4 கோப்புகளை நேரடியாக வலைப்பக்கத்தில் இணைத்துப் பார்த்தேன். நல்ல இணைப்பு உள்ளவர்களுக்கு அது போதும். ஆனால் சிக்னல் குறைந்த ஊர்களில் கைபேசியில் பார்க்கும் பிள்ளைகளுக்குப் படம் நின்று நின்றுதான் ஓடியது. பியர்டியூப், நாம் ஏற்றும் காணொளியைப் பல தெளிவு நிலைகளுக்கு மாற்றி, சிறு சிறு துண்டுகளாக வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ற துண்டை அனுப்புகிறது.

இந்த மாற்றும் வேலைதான் சர்வரை வாட்டுகிறது. என்னுடைய சிறிய வாடகை சர்வரில் ஒரு பாடம் மாற்றப்படும்போது தளம் முழுவதுமே மந்தமாகிவிடும். 2023இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து அந்த வேலையை வேறொரு கணினியிடம் ஒப்படைக்க வழி இருப்பதால், இப்போது அதை என் வீட்டுக் கணினி பார்த்துக்கொள்கிறது. தரவுச் செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் 40 நிமிடப் பாடம் 1.5 ஜிபி, முப்பது பேர் பார்த்தால் 45 ஜிபி. அதையே 1 மெகாபிட்டுக்குக் குறைத்தால் 9 ஜிபியில் முடிந்துவிடும், கரும்பலகை எழுத்தும் தெளிவாகவே தெரியும்.

பார்ப்பவர்கள் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு சர்வரின் சுமையைக் குறைப்பதுதான் இந்த மென்பொருளின் பெயருக்கே காரணமான வசதி (‘பியர்’ என்றால் சகா). ஆயினும் ஒரே காணொளியைப் பலர் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அதனால் பயன் உண்டு. மேலும், பார்ப்பவர்களின் ஐபி முகவரி, அதாவது அவர்களின் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், ஒருவருக்கொருவர் தெரியக்கூடும். பார்ப்பவர்கள் சிறுவர்கள் என்பதால், நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

நான் மனமாரப் பாராட்டுவது, 2023 நவம்பரில் வந்த 6ஆம் பதிப்பின் ஒரு வசதியை. இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் தன்மைக்காட்டியைக் கணக்கிடும்போது ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டேன். அதை ஒரு மாணவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். பழைய காணொளியை நீக்கிப் புதிதாக ஏற்றியிருந்தால், மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த முகவரி பயனற்றுப் போயிருக்கும், கீழே இருந்த கேள்வி பதில்களும் அழிந்திருக்கும். இங்கோ அதே முகவரியில் கோப்பை மட்டும் மாற்ற முடிந்தது. தவறான பாடம் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்று கருதும் ஆசிரியருக்கு இதைவிடத் தேவையான வசதி வேறில்லை. தொடக்கத்தில் இது அணைக்கப்பட்டிருக்கும் என்பதால், நிர்வாகப் பக்கத்துக்குச் சென்று நாமே இயக்க வேண்டும்.

நிறுவுவது எளிதன்று. லினக்ஸ் கட்டளைகளும் தரவுத்தளப் பராமரிப்பும் ஓரளவு பழகியிருக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள், தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. பாடம், சொற்பொழிவு, குடும்பப் பதிவு என அளவான பார்வையாளர்களைக் கொண்டவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தளத்தின் டொமைன் பெயரை மட்டும் நன்கு யோசித்து முடிவு செய்யுங்கள்: தனித்தனியே நடத்தப்படும் பியர்டியூப் தளங்கள் ஒன்றோடொன்று இணைந்து காணொளிகளைப் பகிர முடியும்; அப்போது நம் தளத்தைப் பிற தளங்களுக்குக் காட்டும் அடையாளங்கள் அனைத்தும் அந்தப் பெயரோடு பிணைந்திருப்பதால், நிறுவிய பின் அதை மாற்றுவதை இந்த மென்பொருள் ஆதரிப்பதில்லை.