பொல்பலாவா, நெருஞ்சிலா?

நீர்க்கடுப்பு என்றால் இலங்கை மலையகத்தில் பதுளைப் பக்கத்து லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இந்த இரண்டு பெயர்களும்தான் முதலில் வரும்.

பொல்பலா என்பது நம் சிறுபீளை. தமிழகத்தில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே பூ. இலைக்கணுவில் பஞ்சைக் கிள்ளி ஒட்டினாற்போல் வெள்ளையாகப் பூத்திருக்கும். செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, நிழலில் காயவைத்துக் கொதிக்கவிட்டால் வெளிறிய குடிநீர் கிடைக்கும். கசப்பு இல்லை, பிள்ளைகள்கூட முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். சிறுநீரை நன்றாகப் பிரியவைக்கும்.

நெருஞ்சில் வறண்ட நிலத்துச் செடி. மஞ்சள் பூ, காலில் குத்தும் முள்காய். அந்தக் காய்தான் மருந்து. மலையில் நாம் அதை நாட்டுமருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும்.

எனக்குப் பொல்பலாதான் பிடிக்கும். அதற்காகத் தேநீருக்குப் பதிலாக மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். அதில் ஒக்சலேட் என்ற உப்பு இருக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது கெடுதல். கர்ப்பிணிகள் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. காய்ச்சலோ, முதுகுவலியோ, சிறுநீரில் இரத்தமோ கண்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம் ஒன்று: மருந்து தெளித்த தேயிலை மலை ஓரத்தில் எதையும் பிடுங்காதீர்கள்.