நிலநடுக்க அலை வரைபடம் அச்சிட்ட ஃபிளெக்ஸ் கடை, காரைக்குடி

நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். 2025 மார்ச் 28 அன்று பர்மாவில் (மியான்மர்) மாண்டலே நகர் அருகே 7.7 அளவில் பூமி அதிர்ந்ததே, அதன் முதல் அலை எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் போயிருக்கும் என்று உலகப் படத்தில் நிமிடத்துக்கு ஒரு கோடாகக் குறித்து, வகுப்பில் மாட்ட ஆறுக்கு நாலு அடியில் ஃபிளெக்ஸ் போடக் கொடுத்தேன். எங்கள் ஊர்களில் பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துதான் பிள்ளைகள் வளர்கிறார்கள், அதனால் அந்த நிலநடுக்கத்தையே எடுத்தேன்.

முதல் அச்சு தப்பாக வந்தது. அந்தக் கோடுகள் சம இடைவெளியில் இருக்கவே கூடாது. தூரம் போகிற அலை பூமிக்குள் ஆழமாக இறங்கிப் போகும், ஆழத்தில் வேகம் கூடுதல், ஆகவே வெளியே போகப்போகக் கோடுகள் விலகிக்கொண்டே போகும். டிசைன் போடும் தம்பி அதைப் பிழை என்று நினைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோரல் டிராவில் எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டார். காரைக்குடிக்கு ஏறக்குறைய நாலரை நிமிடம் வர வேண்டும், மூன்று சொச்சம் என்று நிற்கிறது! பிள்ளைகள் அதைத்தானே மனப்பாடம் செய்வார்கள், எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

ஆனால் உட்கார வைத்துச் சொன்னதும் தம்பி கவனமாகக் கேட்டார். லண்டன் மாண்டலேயிலிருந்து நம் ஊரைப்போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைந்த தூரம், அலைக்கு ஆகும் நேரமோ பன்னிரண்டு நிமிடத்துக்குள், மூன்று மடங்குகூட இல்லை என்று காட்டினேன். "அப்ப நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு சார்?" என்றார். நம் நேரப்படி காலை 11.50 தாண்டி அங்கே அதிர்ந்தது, 11.55 வாக்கில் நம் காலுக்குக் கீழே போயிருக்கும் என்றேன். மூலக் கோப்பை அப்படியே வைத்து, காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தார்.

சதுர அடி 20 ரூபாய், மொத்தம் 480. நிறம் பளிச்சென்று இருக்கிறது, மெல்லிய கோடுகூட உடையவில்லை. யூனிகோட் தமிழ் மட்டும் இவர்கள் கணினியில் கொம்பு தனி, எழுத்து தனியாகப் பிரிகிறது, அதனால் ஊர்ப்பெயர்களைப் படமாக மாற்றிக் கொண்டுபோங்கள். அப்புறம், அச்சுக்கு அனுப்பும் முன் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், கேட்டால் காட்டுகிறார்கள்.