அப்பாவுக்கு வாங்கிய கண் அசைவுப் பட்டை: இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு

அப்பாவுக்கு மோட்டார் நியூரோன் நோய். கை, கால், பேச்சு என ஒவ்வொன்றாகப் போய்விட்டது, கண் மட்டும் நன்றாக ஓடுகிறது. கண்ணைப் பின்தொடரும் கேமரா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பகலில் நிமிர்ந்து உட்கார வைத்தால் எழுத்து எழுத்தாகப் பார்த்து அவரே எழுதுவார். ராத்திரி படுத்துவிட்டால் அது ஒன்றுக்கும் உதவாது. ஒருக்களித்துப் படுத்திருப்பார், இமை பாதி இறங்கியிருக்கும், கேமராவுக்குக் கண்ணே தெரியாது. அவர் கூப்பிட முடியாது என்பதால் அம்மா பல மாதமாகப் பாதித் தூக்கத்தில்தான் கிடந்தார்.

அதற்காகத்தான் இந்த நெற்றிப்பட்டை, கண்ணைப் பக்கவாட்டில் அசைத்தால் அலாரம் அடித்துக் கூப்பிடும். கேமரா கிடையாது. கண்ணின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் நேர்மின்னழுத்தம் உள்ளது, குட்டி பேட்டரி மாதிரி; டு புவா-ரேமோன் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் 1849-லேயே இதைப் பார்த்துவிட்டார். கண் வலப்பக்கம் திரும்பினால் வலது கண்ணோரத்தில் ஸ்டிக்கராக ஒட்டிய மின்முனையில் அழுத்தம் ஏறும், இடதில் இறங்கும். ஒரு டிகிரிக்கு 10, 20 மைக்ரோவோல்ட்தான், ஆனால் இருட்டிலும் வரும், இமை மூடியிருந்தாலும் வரும். கண்ணாடி வடிவத்திலும் உண்டு, ஜப்பானில் 2015-ல் வந்த ஜின்ஸ் மீம் அப்படித்தான். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கண்ணாடி சரிவராது என்று பட்டையை எடுத்தோம்.

முதல் வாரம் படுமோசம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் புழுக்கம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வியர்வை பட்டால் மின்முனையிலிருந்து வரும் அலை தானாகவே மேலே கீழே நகர்ந்துகொண்டே இருக்கும். ஏர்கோன் போட்டால் பரவாயில்லை. தலைமாட்டில் கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை நகர்த்தியதும் வீட்டு மின்சாரத்திலிருந்து அலையில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்படியும் நடு நெற்றி மின்முனை மட்டும் பிடிக்கவே இல்லை. ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் பசை முழுக்க வெள்ளையாகத் திருநீறு. அம்மா தினமும் தூங்குமுன் அப்பாவுக்குப் பூசிவிடுவது. இப்போது கழுத்தில் பூசுகிறார், நெற்றியை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, அப்புறம்தான் ஒட்டுகிறோம்.

அதைவிடப் பெரிய தொல்லை, அலாரம் சும்மா சும்மா அடித்தது. கனவு வரும் தூக்கத்தில் கண் வேகமாக ஓடும், தூக்க ஆய்வுக்கூடத்தில் கண்ணோரம் ஒயர் ஒட்டுவதே அதைப் பார்க்கத்தான். பட்டையோடு வந்த செயலியோ ஒரு பக்கப் பார்வையையே கூப்பிட்டதாக எடுத்துக்கொள்கிறது. விற்றவர்களுக்கு எழுதினேன், ஒன்பது நாள் கழித்து வந்த பதில் "மறுபடி கேலிப்ரேஷன் செய்யுங்கள்" என்பதுதான், அதாவது அப்பாவின் கண்ணுக்கு ஏற்பப் பட்டையை அளவு பார்த்துச் சரிசெய்வது. நானே அமைப்புகளுக்குள் போய், இடம், வலம், இடம், வலம் என்று மூன்று விநாடிக்குள் நான்கு வீச்சு வந்தால் மட்டும் அடிக்கும்படி மாற்றினேன். அதோடு பொய் அலாரம் ஏறக்குறைய நின்றுவிட்டது. கேலிப்ரேஷனை விளக்கை அணைத்தவுடன் செய்யாதீர்கள், இருட்டில் முதல் பத்து நிமிடம் கண்ணின் மின்னழுத்தமே இறங்கிக்கொண்டிருக்கும்.

எழுதுவதற்கு என்று இதை வாங்கவே வாங்காதீர்கள். கண் எந்தப் பக்கம் பாய்ந்தது என்று சொல்லும், எந்த எழுத்தில் நிற்கிறது என்று நம்பகமாகச் சொல்லாது. ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு கூப்பிடு மணி. நான் அந்தக் காசைத் திரும்பவும் கொடுப்பேன். ஒரு ராத்திரிக்கு மூன்று ஸ்டிக்கர் போகும், கூட வந்தவை சீக்கிரமே தீர்ந்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருத்துவச் சாமான் கடையில் குழந்தைகளுக்கான இசிஜி ஸ்டிக்கர் வாங்கினேன், அதுவே நன்றாக ஒட்டுகிறது, தோலும் சிவக்கவில்லை.

நேற்று ராத்திரி இரண்டு முறை கூப்பிட்டார். ஒரு தரம் காலைத் திருப்பி வைக்க, இன்னொரு தரம் ஏர்கோனைக் குறைக்க. நடுவில் நாலு மணி நேரம் அம்மா தூங்கியிருக்கிறார்.