மேக அட்டை செட்: சின்னப் புள்ளைங்களுக்கு வாங்கலாமா?

சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு புத்தகக் கடையில 18 ரிங்கிட்டுக்கு வாங்குனேன், பாலர் பள்ளி போற சின்னவளுக்கும் லயத்துல உள்ள மத்த வாண்டுங்களுக்கும் சேத்துதான். கார்ட்டூன் இல்ல, எல்லாம் நெஜ போட்டோ, அதனால அஞ்சடில, அதாங்க வீட்டு முன்தாழ்வாரத்துல நின்னு அட்டையைத் தூக்கிப் புடிச்சு வானத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.

இருக்குறதுலயே டாப்பு கியூமுலோநிம்பஸ் அட்டைதான், அதாங்க இடி மேகம். காலைல வெயில் ஏற ஏற ஈரக் காத்து மேல போயி, மத்தியானத்துக்கு மேல 15 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டி வளரும், அடி கருத்து, உச்சி தட்டையா விரிஞ்சு கெடக்கும், அது அப்படியே ஒரே படத்துல தெரியுது. இப்பல்லாம் செம்பனைக்கு மேல அந்த மாதிரி எழும்புனாலே "அம்மா, துணிய எடுங்க!"னு இவ கத்துறா. ஏப்ரல், மே மாசத்துல வாங்குனா இன்னும் நல்லது, சாயங்காலம் ஆனா இடி மழைக்குப் பஞ்சமே இல்ல.

சிர்ரஸ் அட்டைதான் கஷ்டம், அதாங்க ரொம்ப ஒசரத்துல இறகு மாதிரி மெல்லிசா இருக்குற மேகம். அது முழுக்க ஐஸ் துகள்னு சொன்னா "இந்த வெயில்ல ஐஸா லா?"னு கேக்குதுங்க, மேல போகப் போக குளிரும்னு கேமரன் மலையைக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கு. 1802ல லூக் ஹோவர்ட்ங்குற இங்கிலாந்துக்காரர் மேகத்துக்குப் பேரு வெச்ச கதையும் போட்டிருக்காங்க, அது பெரியவங்களுக்கு.

பின்பக்கம் மலாயும் இங்கிலீஷும் மட்டும்தான், தமிழ் கெடையாது. மூலையில லேமினேட் சீக்கிரமே பிரியுது, ஈரக் கையோட தொட விடாதீங்க. பனி பெய்யுற அட்டை நமக்கு எதுக்குன்னே தெரியல. அஞ்சு வயசுக்கு மேலன்னா தாராளமா வாங்கலாம்.