முதல் கைத்துப்பாக்கி: காற்றா, பாயிண்ட் இருபத்திரண்டா, நைன் எம்எம்மா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி என்றால் பெரியவர்கள் 1948க்குப் போய்விடுவார்கள். அந்த ஜூன் 16ஆம் தேதி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டதும்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. இப்போது செம்பனை லோரி ஓட்டும் தம்பிகளும் ஆபீஸ் வேலை பார்க்கும் பிள்ளைகளும் குறிசுடுதலைப் பொழுதுபோக்காகப் பழக ஆசைப்படுகிறார்கள். "அண்ணே, முதல்ல எதை எடுக்கலாம்?" என்பதுதான் கேள்வி.

அவர்கள் பார்ப்பதெல்லாம் அமெரிக்கக் காணொளிகள். அங்கே கடைக்குப் போய் வாங்கலாம், இங்கே அப்படியில்லை. நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், அழுத்திய காற்றால் சுடும் காற்றுப் பிஸ்டலும் ஆயுதம்தான். மாநிலப் போலீஸ் தலைவர் தரும் லைசென்ஸ் வேண்டும். 'வெறும் காற்றுதானே' என்று ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவனுக்கு முதலில் தேவை வக்கீல். ஆகவே கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியில் பழகிவிட்டு, அப்புறம் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

எல்லாரும் கேட்பது நைன் எம்எம் (9 மில்லிமீட்டர்) தோட்டா போடும் கிளாக் 17 பிஸ்டல். நல்ல துப்பாக்கிதான், சந்தேகமில்லை. ஆனால் நைன் எம்எம் தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 7.5 கிராம்; அதைவிடச் சிறிய பாயிண்ட் இருபத்திரண்டு (0.22 அங்குல) தோட்டாவில் 2.6 கிராம்தான். சத்தமும் உதையும் அதற்கேற்ப. நாலு சுற்று சுட்டதுமே புதியவரின் உடம்பு அடுத்த வெடிக்கு முன்கூட்டியே பயப்படத் தொடங்கும். டிரிக்கரை இழுக்கும் நொடியில் மணிக்கட்டு அமுங்கும். வலக்கைக்காரர் என்றால் குண்டு கீழே இடப்பக்கம் போகும். இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்கள் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத ஒரு டம்மித் தோட்டாவைச் சொருகிவைப்பார்கள். வெடிக்காத அந்தத் தடவையில் துப்பாக்கி மூக்கு தலைகுப்புறக் குனிவதை எல்லாரும் பார்க்கலாம். ஒட்டிக்கொண்டபின் இந்தப் பழக்கத்தை உதறுவது பெரும் பாடு.

பாயிண்ட் இருபத்திரண்டில் அந்தப் பயம் மிகக் குறைவு. ரூகர் மார்க் ஃபோர், பிரவுனிங் பக் மார்க் இரண்டும் புதியவர் கைக்கு இதமானவை. 2016இல் வந்த ரூகரை ஒரே பொத்தானை அழுத்திப் பிரித்துவிடலாம். நம் ஊர் ஈரத்துக்கு அடிக்கடி துடைத்து எண்ணெய் போட வேண்டியிருப்பதால் அது சின்ன விஷயமல்ல. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்கும் இதே தோட்டாதான். குறை என்றால், அழுக்கு அதிகம், சில தோட்டா வெடிக்காமல் நிற்கும். பல மாடல்களில் தோட்டா இல்லாமல் வெறுமனே டிரிக்கரை இழுத்துப் பழகினால் சுடும் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் அடித்துச் சேதமாகும். கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ரிவால்வர்? பார்க்க அழகு. ஒரே இழுப்பில் சுத்தியலைப் பின்னால் ஏற்றிச் சுடவும் வேண்டியிருப்பதால் டிரிக்கர் கனம். முதல் துப்பாக்கிக்கு வேண்டாம்.

என் ஓட்டு காற்றுப் பிஸ்டலுக்கு. பத்து மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் பெல்லட் எனும் சின்னக் குண்டு, குறி அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் வட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலம். உதை இல்லாததால் தப்புக்குச் சாக்குச் சொல்ல முடியாது. பெல்லட் மெதுவாகப் போவதால் குழலை விட்டு வெளியேறும்வரை கை அசையக் கூடாது. சுட்டதும் கையைத் தளர்த்துகிறவரை அட்டை உடனே காட்டிக்கொடுக்கும். ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்தி மாதிரி: அழுத்தினால் மரம் காயப்படும், அழுத்தாவிட்டால் பால் வராது. ரியோ 2016க்குப் போன நம் நாட்டுக் குறிசுடு வீரர் ஜொனாதன் வோங்கின் போட்டியும் இதுதான்.

விலை குறைவு என்று நினைத்து இதற்கு வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்டையர், மொரினி போன்ற போட்டித் துப்பாக்கிகள் கிளாக்கை விட விலை கூடியவை. தொடங்குகிறவருக்கு ஒவ்வொரு சுடுதலுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுக்கும் பைக்கால் ஐஸ்ஹெச் 46எம் வகை போதும். சிலிண்டரும் நிரப்பும் பம்பும் தேவையில்லை. காற்றுக்குப் பதில் கரியமில வாயுவில் இயங்கும் சிஓடூ வகையை நான் தள்ளிவைப்பேன். வெயிலில் அழுத்தம் ஏறி, காலையில் சுட்ட இடமும் மத்தியானம் சுட்ட இடமும் மாறும்.

வாங்குமுன் கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். போட்டிப் பிஸ்டல்களில் இடக்கை, வலக்கைப் பிடிகள் வேறு வேறு, அளவும் வேறு. சுபாங் தேசியச் சுடுதளம் வரை போக நேர்ந்தால், பிஸ்டலை ஒரு கையில் நீட்டி அரை நிமிஷம் அப்படியே நிற்க முடிகிறதா பாருங்கள். போட்டி விதி 1,500 கிராம் எடை வரை அனுமதிக்கிறது; உங்கள் தோள் எவ்வளவை அனுமதிக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.