தொங்கிப்போன திரைச்சீலை ராடு: எந்தப் பழுது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை

முதலில் திரையை முழுக்கக் கழற்றிவிட்டு வெறும் ராடைப் பாருங்கள். சுமை போனதும் நேராகிவிட்டால் குழாய் கெட்டுப்போகவில்லை. தாங்கிகளுக்கு நடுவே தூரம்தான் அதிகம். வெறுமனே இருக்கும்போதும் நடுவில் வளைந்தே நின்றால் குழாய் மடங்கியிருக்கிறது, அல்லது நீட்டிச் சுருக்கும் ராடின் இணைப்பு ஆட்டம் கண்டிருக்கிறது. ராடு நேராக, ஆனால் ஒரு பக்கம் சரிந்திருந்தால் கோளாறு சுவரில். இதைப் பார்க்காமல் புது ராடு வாங்கி, ஆடுகிற அதே ஓட்டையில் மாட்டுவதுதான் அதிகம் நடக்கிறது.

தொய்வுக்கு நிலைத்த தீர்வு நடு பிராக்கெட்தான், அதாவது ராடின் நடுவில் கூடுதலாக ஒரு தாங்கி. இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். குழாயை 19 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ.க்கு மாற்றினாலோ, தகட்டின் கனம் அதே என்றால், தொய்வு பாதிக்குச் சற்றுக் கீழே குறையும், அவ்வளவுதான். குழாய்க்குள் மரக்குச்சி செருகும் யோசனை பலரும் சொல்வது. 1 மி.மீ. கனமுள்ள 19 மி.மீ. இரும்புக் குழாயில் அதனால் கூடும் விறைப்பு பத்தில் ஒரு பங்குகூட வராது. குழாய் நசுங்காமல் இருக்க உதவும், தொய்வுக்கு உதவாது.

நடு பிராக்கெட்டுக்கு இரு முனைத் தாங்கிகளுக்கும் இடையே நூலை இழுத்துக் கட்டிக் குறியிடுங்கள். நூல் விறைப்பாக இருக்க வேண்டும். பிராக்கெட் 3 மி.மீ. தாழ்ந்தாலும் ராடு அவ்வளவு தொங்கிய பிறகுதான் அதன்மேல் உட்காரும். வாய் மேல்நோக்கித் திறந்த வகையே நல்லது. ஒரே திரையாக இருந்தால், திரைத் துணியின் மேல்விளிம்பில் பதித்த ஐலெட் வளையங்கள் நடு பிராக்கெட்டைத் தாண்டா. இரண்டு திரைகளாகப் பிரித்துவிடுங்கள். நீட்டிச் சுருக்கும் ராடில் உள்குழாய் குறைந்தது 20 செ.மீ. உள்ளே இருக்கட்டும். இணைப்பு ஜன்னலின் நடுவில் வராமல், ஏதாவதொரு பிராக்கெட்டை ஒட்டி வரும்படி தள்ளி வையுங்கள்.

இனி சுவர். பெரும்பாலான சரிவு இங்கேதான் தொடங்குகிறது. ராடு சுவரிலிருந்து 9 செ.மீ. தள்ளி நிற்கிறது, பிராக்கெட்டின் இரு ஸ்குரூக்களுக்கும் இடையே 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த பிராக்கெட்டில் 4 கிலோ தொங்கினால், மேல் ஸ்குரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு ஏறக்குறைய 12 கிலோ. கீழ் ஸ்குரூவுக்கு இந்த இழுப்பு ஏறக்குறைய இல்லை. மேலே இருப்பதுதான் வெளியே வரும். துவைத்த திரையை ஈரத்தோடு மாட்டினால் இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

சுவரின் சிமெண்ட் பூச்சு மட்டுமே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். ராடோடு வரும் 25 மி.மீ. ஸ்குரூவில் செங்கல்லைப் பிடிப்பது 10 மி.மீ.தான். 50 மி.மீ. ஸ்குரூவும், முழுக்கப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்காரும் 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கும் வேண்டும். ஓட்டையை 60 மி.மீ. ஆழம் போட்டு, தூளை ஊதி வெளியேற்றுங்கள் (கண்ணை மூடிக்கொண்டு!). தூள் தங்கினால் பிளக் சுவரைப் பிடிக்காது, ஸ்குரூவோடு சேர்ந்து சுற்றும். ஜன்னலுக்கு நேர் மேலே கான்கிரீட் லிண்டல் வரும். அங்கே சாதாரண டிரில் வழுக்கும், ஹேமர் டிரில் தேவை.

பெரிதாகிப்போன ஓட்டையில் தீக்குச்சி திணிப்பது சில வாரங்கள் தாங்கும். வெறும் சுவர்ப் புட்டி ஸ்குரூ ஏறும்போதே பொடிந்துவிடும். எபாக்ஸி புட்டி (இரண்டு பகுதிகளைக் கலந்து பிசைந்தால் கல்லாக இறுகுவது) தாங்கும்: பழைய பிளக்கைப் பிடுங்கி, தூளைத் துடைத்து, ஆழம் வரை அழுத்தி அடைத்து, 24 மணி நேரம் காயவிட்டு, 3 மி.மீ. துளை போட்டபின் ஸ்குரூவை ஏற்றுங்கள். சுற்றிலும் பூச்சே உதிர்ந்திருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். பிராக்கெட்டை 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்திப் புது ஓட்டை போடுவதே மேல்.

இலேசாக மடங்கிய குழாயைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வளைவு மேல்பக்கம் வரும்படி திருப்பி, நடு பிராக்கெட்டோடு மாட்டினால் வருடக்கணக்கில் ஓடும். நடுத் தாங்கி இல்லாமல் திருப்பினால் சில மாதங்களில் பழையபடி தொங்கும். தினமும் திரையை இழுப்பதால் பிராக்கெட்டுக்கு அடியில் ராடைப் பிடிக்கும் குட்டித் திருகு தளரும். திரையைத் துவைக்கக் கழற்றும்போதெல்லாம் அதை ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். மெல்லிய குழாயில் மிகையாக முறுக்கினால் அந்த இடத்தில் பள்ளம் விழும்.