முடுக்கினால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம்: இழுக்கும் காரில் எதைச் சந்தேகிப்பது?

சீரான வேகத்தில் நேராக ஓடும் முன்சக்கர இயக்கக் கார் ஒன்று, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வலப்பக்கம் இழுத்து, காலை எடுத்தவுடன் அல்லது பிரேக் பிடித்தவுடன் இடப்பக்கம் திரும்புகிறது என்றால், அந்தக் கார் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் வீல் அலைன்மென்ட் கடை. அங்கே எல்லா அளவுகளும் பச்சை நிறத்தில் அச்சாகி வருகின்றன, பணம் கைமாறுகிறது, ஆனால் இழுவை அப்படியே இருக்கிறது. இதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அது நின்றுகொண்டிருக்கும் காரை அளக்கிறது. இந்தக் கோளாறோ சக்கரத்தின் மீது விசை ஏறும்போது மட்டுமே தலைகாட்டுகிறது.

அலைன்மென்ட் பிழையும் காரை இழுக்கும் என்பது உண்மைதான். சக்கரத்தின் மேல்விளிம்பு வெளியே சாயும் அளவான கேம்பர் கோணம் இரு பக்கமும் வேறுபட்டால் அது கூடுதலாக இருக்கும் பக்கத்துக்கும், சக்கரம் திரும்பும் அச்சு பின்னே சாயும் அளவான காஸ்டர் கோணம் வேறுபட்டால் அது குறைவாக இருக்கும் பக்கத்துக்கும் வண்டி சாயும். ஆனால் அந்த இழுவை கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் தொடரும். டயர் குறைபாட்டுக்கும் இதே குணம் உண்டு. காற்று குறைந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. காற்று சரியாக இருந்தும், உள்ளே உள்ள அடுக்குகள் சற்றே கோணலாக அமைந்த டயர் கூம்பு உருளுவதைப் போல ஒரு பக்கமாகவே ஓடும். முன்டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டால் இழுவையும் பக்கம் மாறிவிடும். ஒரே திசையில் மட்டும் சுழலும்படி வார்க்கப்பட்ட டயராக இருந்தால் அந்தந்தப் பக்கத்திலேயே முன்டயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்க்கலாம். இடப்பக்கம் ஓட்டும் நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடப்பக்கம் சரிந்திருப்பதால், லேசான இடச்சாய்வை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காலின் அழுத்தத்துக்கு ஏற்ப இழுவை மாறுகிறது என்றால் மீதமிருக்கும் சந்தேகங்கள் மூன்று: சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்மின்) மூட்டில் உள்ள ரப்பர் புஷ்; எஞ்சின் முறுக்குவிசையால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும் டார்க் ஸ்டீயர்; பிரேக். இவற்றைப் பிரித்தறிய ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையும், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகமும் போதும். முதலில் இரண்டாம் கியரில் நன்றாக முடுக்கிப் பார்க்க வேண்டும். அடுத்து, பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்து, எஞ்சினின் தடையாலேயே வேகம் குறைய விட வேண்டும். கடைசியாகக் கிளட்சை அழுத்தி எஞ்சினைத் துண்டித்துவிட்டு, பிரேக்கை மட்டும் மிதமாகப் பிடிக்க வேண்டும். மூன்றாவதில் மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். முதலாவதில் வலுவாகவும் இரண்டாவதில் மெலிதாகவும் இழுத்து, மூன்றாவதில் அறவே இல்லாமல் போனால் அது டார்க் ஸ்டீயர். முடுக்கும்போது ஒரு திசை, மற்ற இரண்டிலும் எதிர்த்திசை என்றால் புஷ் போய்விட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. முன்சக்கரங்கள் காரை இழுத்துச் செல்லும்போது சக்கரம் உடலைவிடச் சற்று முன்னே செல்ல முயல்கிறது; வேகம் குறையும்போது பின்னே தள்ளப்படுகிறது. இந்த முன்பின் அசைவை மட்டுப்படுத்துவது கீழ்க்கையின் ரப்பர் புஷ்கள்தாம், அதிலும் பின்பக்கம் உள்ள பெரிய புஷ். அது கிழிந்தால் கை முழுவதும் ஆடத் தொடங்குகிறது. ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடு அதை வேறொரு புள்ளியில் பிடித்திருப்பதால், ஒவ்வோர் ஆட்டத்திலும் டோ கோணம், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறுகிறது. விசை திசை மாறும்போது கோணமும் திசை மாறுகிறது. வண்டி நின்றதும் கை பழைய இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிடுவதால்தான் அலைன்மென்ட் அச்சுத்தாள் குற்றமற்ற முகத்துடன் வருகிறது. டை ராடுகளைத் தள்ளும் ஸ்டீயரிங் ராக், முன்சக்கர அச்சுக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைப் பொறுத்து டோ மாறும் திசையும் வேறுபடுவதால், இழுக்கும் பக்கத்தை வைத்துக் கெட்ட பக்கத்தைச் சொல்ல முடியாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, நீண்ட லீவரால் நெம்பி இரு பக்கமும் பார்ப்பதே வழி. எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், புஷ் நன்றாக இருந்தால் அடுத்துத் தொட வேண்டியவை அந்தப் போல்ட்டுகள்.

டார்க் ஸ்டீயர் என்ற பெயர் இப்போது சற்று மலிவாகவே பயன்படுத்தப்படுகிறது. எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்ட கார்களில் கியர்பாக்ஸ் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதால், சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட்டுகளில் ஒன்று குட்டையாகவும் மற்றது நெட்டையாகவும் அமைகிறது. முடுக்கும்போது மூக்கு உயர, இரண்டின் மூட்டுக் கோணங்களும் வேறுபடுகின்றன. சக்கரத்தைத் திருப்ப முயலும் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்யாமல் போகின்றன. 'ஒரு சக்கரத்துக்கு மட்டும் அதிக விசை போகிறது' என்ற விளக்கம் தவறு. விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமான முறுக்குவிசையையே தருகிறது. 1999-இல் வந்த சாப் 9-3 விகன் கார் இந்தக் குணத்துக்காகவே பேர்போனது. 300 குதிரைத்திறனைத் தொட்ட 2009 ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸுக்கு, இதை அடக்குவதற்கென்றே முன்சக்கரத் தாங்கியைத் தனியாக வடிவமைத்தார்கள். 80, 90 குதிரைத்திறன் கொண்ட சிறிய ஹேட்ச்பேக்கில் இது கைக்குத் தெரிவதே அரிது. மேலும், டார்க் ஸ்டீயர் பிறவிக்குணம். புதிதாக வாங்கிய நாளிலிருந்தே இருக்கும். மூன்றாண்டுகள் நேராக ஓடிய வண்டி திடீரென இழுக்கத் தொடங்கியதற்கு அதைக் காரணம் காட்டுபவர், தேய்ந்த புஷ்ஷையோ, உட்கார்ந்துபோன எஞ்சின் மவுண்டையோ பார்க்காமல் விட்டிருக்கிறார் என்றே பொருள்.

பிரேக்கில் இரண்டு கோளாறுகளைப் பலரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன் இறுகி, அழுத்தம் சரியாக விழாவிட்டால், வண்டி நன்றாக வேலை செய்யும் பக்கத்துக்கு இழுக்கும். அதாவது குற்றவாளி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பிடித்த பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தால், உரசும் பக்கத்துக்கே இழுவை வரும், அந்தச் சக்கரம் சூடேறி நாறும். ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் உப்பிப்போனால் இரண்டும் அடுத்தடுத்து நிகழும்: அழுத்தும்போது எண்ணெய் தாமதமாகப் போவதால் எதிர்ப்பக்கம் இழுக்கும், காலை எடுத்த பின் எண்ணெய் திரும்பாததால் அதே பக்கம் இழுக்கும். புஷ் கிழிந்ததைப் போல இதுவும் பக்கம் மாறி நடிப்பதால் ஏமாற வாய்ப்பு அதிகம். சக்கரம் இறுகி நிற்கும்போது காலிப்பரில் எண்ணெயை வெளியேற்றும் திருகான பிளீட் நிப்பிளைச் சற்றே திறந்தால் உண்மை வெளிவரும்: எண்ணெய் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் ஹோஸில், அப்போதும் விடுபடாவிட்டால் காலிப்பரே இறுகியிருக்கிறது. மழையில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு மட்டும் இழுத்தால் அது டிஸ்க் துரு, விட்டுவிடலாம்.

புஷ் மாற்றுவதென முடிவானால், நடுவில் ரப்பர் ஒட்டிய வகைப் புஷ்ஷின் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது முழுதாக இறுக்க விடக்கூடாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை ஏறிய நிலையிலேயே இறுக்க வேண்டும். தவறினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் முழுதும் நின்று விரைவில் கிழியும். அலைன்மென்ட் கடைக்குப் போக வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.